நாலாம் நம்பருக்கு இன்னொரு தடவை

அவருக்குக் கோபப்படுவதுதான் வேலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மாதாமாதம் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார். கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆட்களில் யாருக்குப் பதவி கொடுக்கலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எடைபோட ஒரு நிறுவனத்தை அமர்த்துவார்கள். அந்த நிறுவனம் ஒரு அறையில் மேசை போட்டு, பரீட்சைக்கு வந்தவரை அந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, இவரை உள்ளே அனுப்பும். இவர் சரக்கு கெட்டுப்போன வாடிக்கையாளராகக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டும். வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுதுவார்கள். ஒரு காலத்தில் நாடகத்தில் பெரிய ஆளாக வரவேண்டும் என்று அலைந்த மனிதர்தான். கடைசியில் கிடைத்தது இந்த ஒரே வேஷம். அலுவலகத்தில் யாருக்கும் இவர் பேர் ஞாபகம் இல்லை. 'கஸ்டமர்' என்றால் இவர்.

நாளெல்லாம் காசுக்குக் கத்திவிட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் சொந்த உபயோகத்துக்குக் கோபம் மிச்சம் இருக்குமா என்ன? இருக்காது. "ஊருக்கெல்லாம் கத்துறீங்க, மேல் வீட்டுக்காரன் மோட்டார் போட்டுத் தண்ணி பூராவையும் உறிஞ்சறான், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வரல" என்பாள் மனைவி. இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "உன் இஷ்டம், நீயே கேட்டுடு" என்பார். எது கேட்டாலும் அதே பதில்தான். அந்த 'உன் இஷ்ட'த்தில்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு 'உன் இஷ்ட'த்தில் வந்து சேர்ந்தவன்தான் மச்சினன், மனைவியின் தம்பி. பார்சல் கம்பெனியில் மேற்பார்வை வேலை. ரெண்டு மாசம் இருந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியோடு வந்தான். முன்னறையில் கட்டிலைப் போட்டான். வருஷங்கள் ஓடிவிட்டன, கட்டில் நகரவில்லை. கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது, தங்கமான பையன். ஆனால் ஒரு முடிவு சொந்தமாக எடுக்க வராது. செருப்புக் கடையில் நின்றுகொண்டு இரண்டு ஜோடியைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பி, எதை வாங்க என்று கேட்பான். வேறு வீடு பார்க்கலாமா என்றும் அக்காவைத்தான் கேட்டான். அக்கா இவரைக் கேட்டாள். இவர் வழக்கம்போல "உங்க இஷ்டம்" என்றார். சொல்லிவிட்டு, எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு, யாரும் பார்க்காத குளியலறையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். வெளியே வரும்போது முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு, "மாப்ளே, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

இப்போது அந்தப் பார்சல் கம்பெனி மேற்பார்வை வேலைகளையே எடுத்துவிடப் போகிறதாம். அதற்குப் பதில் தெருவுக்குத் தெரு சின்னச் சின்னக் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர், தன் சொந்தக் கடை மாதிரி நடத்த வேண்டும். 'முதலாளி மனப்பான்மை' உள்ளவர்களுக்கு மட்டும் கிளை, இல்லாதவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். சம்பளம் மட்டும் தொழிலாளிக்கு உள்ளதுதான். அதை எடைபோட அமர்த்தியது வேறு யாரையும் இல்லை, இவருடைய நிறுவனத்தை.

தெரிந்தவர்கள் பரீட்சைக்கு வந்தால் முன்கூட்டியே சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. காலையில் இவர் பொத்தான் போடும்போது மனைவி கதவருகில் வந்து நின்றாள்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். வேற எவனாவது வந்து கத்தினா என் தம்பி அழுதுடுவான். நீங்கன்னா கொஞ்சம் பார்த்துக் கத்துவீங்க."

"விதின்னு ஒண்ணு இருக்கு."

"உங்க பேரும் அவன் பேரும் சேர்ந்த மாதிரியா எழுதி ஒட்டியிருக்கு? யாருக்குத் தெரியப் போவுது? இந்த வேலையும் போச்சுன்னா அவன் எங்க போவான்? இங்கேயேதான் இருப்பான்."

கடைசியில் சொன்னது இவருடைய அடிமடியில் கைவைத்தது. அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, இவர் தன் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பரீட்சைக்கு வருகிறவர்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். மச்சினன் நாலாம் நம்பர். முன்னால் வந்த மூன்று பேரிடமும் கத்தித் தீர்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கதவைத் தள்ளினார். இஸ்திரி போட்ட சட்டையில் மச்சினன் நேராக உட்கார்ந்திருந்தான். மேசைமேல் ஒரு தொலைபேசி இருந்தது. முடிவெடுக்க முடியாதவர்கள் அதை எடுத்துத் தலைமை அலுவலகத்தைக் கேட்கலாம். அப்படி எடுத்தால் மூலையில் இருப்பவர்கள் அதையும் குறித்துக்கொள்வார்கள்.

"வாங்க சார், உக்காருங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றான். குரல் நடுங்கவில்லை.

அன்றைக்கு இவர் போட்ட வேஷம் ஒரு மருந்துக் கடைக்காரர். குளிர்பெட்டியில் வந்த மருந்தை வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டார்கள், அதுதான் சண்டை. முதல் இரண்டு சமாதானத்தையும் இவர் தூக்கி எறிய வேண்டும், மேசையைத் தட்ட வேண்டும், வருஷம் முழுக்க எல்லாப் பார்சலும் இலவசமாக அனுப்பித் தரவேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டும். இவரோ வீட்டில் பேசுகிற குரலில் விஷயத்தைச் சொன்னார். மச்சினன், "விசாரிச்சு நாளைக்குள்ள…" என்று ஆரம்பித்ததும், "சரி, பரவாயில்லை, பார்த்துச் செய்யுங்க" என்று எழுந்துவிட்டார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வெளியே வந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் மேடம் கூப்பிட்டாள். மூலையில் உட்கார்ந்து எழுதுகிற இருவரில் மூத்தவள் அவள்தான், கடைசி வார்த்தை அவளுடையது.

"என்ன கஸ்டமர், உடம்பு சரியில்லையா? நாலாம் நம்பர்கிட்ட என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன் மேடம்?"

"எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லையே. கோபமே வராதவர்கிட்ட பொறுமையா இருந்தார்னு நான் எப்படி எழுதறது? ஒண்ணுமே கேக்காதவருக்குச் சரியா முடிவெடுத்தார்னு எப்படி எழுதறது? ஆதாரம் இல்லைன்னா பூஜ்யம்தான் போடணும், உங்களுக்குத் தெரியாததா?" அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "சொந்தமா முடிவெடுக்க மாட்டார்னு அவங்க கம்பெனியிலேயே சொல்லி அனுப்பியிருக்காங்க. அது தப்புன்னு காட்ட அவருக்கு இருந்தது இந்த ஒரு ரூம்தான். நல்லாத்தான் ஆரம்பிச்சார். நீங்க விடல."

இவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். இப்போது உண்மையைச் சொன்னால் தன் வேலையும் போகும், அவன் பரீட்சையும் செல்லாமல் போகும். சொல்லாவிட்டால் பூஜ்யம். முன்னே போனாலும் உதை, பின்னே வந்தாலும் உதை.

"தலைவலி மேடம். கடைசியில இன்னொரு தடவை வைக்கலாமா?"

அவள் பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். "வைக்கலாம். ஆனா இந்தத் தடவை முழுசாக் கத்தணும். அரைகுறையா வந்து நின்னீங்கன்னா பூஜ்யம் பூஜ்யம்தான்."

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "என்ன மாமா, கத்தவே இல்லை? நான் கண்ணாடி முன்னாடி நின்னு என்னென்னவோ தயார் பண்ணிட்டு வந்தேன். அக்காகிட்டகூட எதுவும் கேக்கல, நானாத்தான் யோசிச்சேன்."

இவருக்கு வெட்கமாக இருந்தது. அவன் அழுதுவிடுவான் என்று அக்காவும் மாமாவும் சேர்ந்து தீர்மானித்துவிட்டார்கள். அவனைக் கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"மறுபடி வருவேன் மாப்ளே. அப்ப நல்லாக் கத்துவேன். பொறுத்துக்கோ."

"கத்துங்க மாமா. ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தான்.

மதியம் மிச்சமிருந்தவர்களிடம் கத்தி முடித்தபோது இவருக்குக் குரல் தேய்ந்து, முழங்கால் வலித்து, எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றிருந்தது. அந்த நிலைமையில்தான் நாலாம் நம்பருக்கான கதவை இரண்டாம் முறை தள்ளினார். மனப்பாடம் பண்ணிய வசனத்தை ஆரம்பித்தார். அது அவருக்கே அரைத்த மாவாகக் கேட்டது. மேசையைத் தட்டி, வருஷம் முழுக்க இலவசமாக அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்தார், கை வலித்ததுதான் மிச்சம். மூலையில் மேடம் தலையை நிமிர்த்தினாள். பேனா அசையவில்லை.

போச்சு, மறுபடி பூஜ்யம். இவருக்கு உடனே கொஞ்சம் கோபம் வேண்டும். தொழில் கோபம் தீர்ந்துபோய்விட்டது. தேடிப் பார்த்ததில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது ஒன்றுதான், இத்தனை வருஷம் தொடாமல் வைத்திருந்தது.

"உங்களுக்குன்னு சொந்தமாப் புத்தியே கிடையாதாய்யா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை, அதுதான் பயங்கரம். "ஒரு செருப்பு வாங்கறதுக்குக்கூட இன்னொருத்தரைக் கேக்கற ஆளை நம்பி ஒரு கிளையைக் கொடுக்கறாங்களாம். காலையில கதவைத் திறக்கலாமா வேண்டாமான்னு யாரைக் கேப்பீங்க? இந்தா போறேன் அந்தா போறேன்னு சொல்லிக்கிட்டே அடுத்தவன் இடத்துல உக்காந்துக்கிட்டு, அவன் முகத்தைப் பார்த்து ஒரு நாளாவது புரிஞ்சுக்கிட்டிருக்கீங்களா? உங்களைச் சுமக்கறவங்களுக்கு அலுத்துப்போச்சு. சொல்ல முடியாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்க, அவ்வளவுதான்."

செருப்பு என்ற வார்த்தை வந்தபோதே மச்சினனின் முகம் மாறிவிட்டது. அதுவரை அவன் மாமாவின் நடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் மாமாவைப் பார்த்தான். இவருக்கும் அது தெரிந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. கடைசி வார்த்தைவரை சொல்லிவிட்டுத்தான் நின்றது. மூலையில் பேனாக்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

மச்சினனின் கை தொலைபேசிப் பக்கம் போனது. பாதி வழியில் நின்று, திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது.

"மருந்து கெட்டது எங்க தப்பு சார்" என்றான் மெதுவாக. "அதை மாத்திக் கொடுக்கறது என் பொறுப்பு. நாளைக்குக் காலையில நானே கொண்டுவந்து கொடுப்பேன். வருஷம் முழுக்க இலவசமாக் கேக்கறீங்க, அது முடியாது. முடியும்னு இப்ப சொல்லி உங்களை அனுப்பிட்டு, அப்புறம் இழுத்தடிக்க எனக்கு விருப்பமில்லை. இதுக்கு நான் யாரையும் கேக்கப் போறதில்லை, இது என் முடிவு." நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "நீங்க சொன்ன மத்ததையும் கேட்டுக்கிட்டேன். நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

அவன் வெளியே போனதும் மேடம் எழுந்து வந்து இவர் கையைக் குலுக்கினாள். "இத்தனை நாள்ல இப்படி நடிச்சதே இல்லையே கஸ்டமர். அந்தப் பையனும் என்னமா நின்னான். கிளை கிடைச்ச மாதிரிதான்." இவர் தலையாட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் மச்சினன் தனியாக நின்றான். இவர் பக்கத்தில் போய் நின்று, "அதெல்லாம் மனசுல வச்சுக்காத மாப்ளே. நடிப்புதான். தொழில்" என்றார்.

"நீங்க நல்லா நடிப்பீங்கன்னு அக்கா அடிக்கடி சொல்லும்" என்றான் அவன், வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே. "நான் அவ்வளவா நம்பினதில்லை மாமா. இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன். சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேப்பீங்க. ஒரு நாள்கூட எனக்குத் தெரியலையே."

பஸ் வந்தது, இருவரும் ஏறினார்கள். உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. மச்சினன் அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கிளை அவனுக்கே கிடைத்தது. வேலை உறுதியான மறுநாளே கிளைக்கு மேலே ஒரு அறையைப் பேசி முடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னான். அக்கா மூக்கைச் சிந்தினாள். "என்னை ஒரு வார்த்தை கேக்கலையே இவன்? திடீர்னு என்ன வந்துச்சு இவனுக்கு?" என்று இவரிடம் கேட்டாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் உங்களாலதான். நீங்க பார்த்துக் கத்தினதாலதான் பிழைச்சான்" என்றாள். இவர் எத்தனையோ நாள் கேட்காமல் கேட்ட முன்னறை காலியாகிவிட்டது. கட்டில் கிடந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. இவர் அந்த அறைக்குள் போவதே இல்லை.

வாரா வாரம் மச்சினன் வருகிறான். கை நிறையப் பழம் வாங்கி வருகிறான், எந்தப் பழம் என்று யாரையும் கேட்பதில்லை. இவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா. என்ன இப்படி இளைச்சுட்டீங்க? ராத்திரி தூக்கமெல்லாம் வருதா?" என்று சிரித்த முகமாகக் கேட்கிறான். மனைவிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தச் சிரிப்பை ஓரக்கண்ணால் பார்க்கிறார். பாசமாகவும் இருக்கிறது, இவர் அவனுக்கு இத்தனை வருஷம் காட்டிய பாசம் மாதிரியும் இருக்கிறது. எது என்று இவருக்குப் பிடிபடவில்லை. கேட்டுவிடலாம்தான். ஆனால் அவன் இப்போது கேட்டால் சொல்லிவிடுகிற ஆளாகிவிட்டான், அதனால் இவர் கேட்பதில்லை.