அண்ணன் ஆமென் சொல்லும்வரை

அடுத்த தலைமுறையின் விசுவாசத்தைத் தாங்கி நிற்கும் தூண் தான் ஒருவரே என்று வாலிபர் கூட்டத் தலைவர் உறுதியாக நம்பினார். தூணுக்கு வயது அறுபதைத் தாண்டி முட்டிவலியும் வந்துவிட்டது. ஆனாலும் சபையில் அவர் 'அண்ணன்'தான். பேரன் எடுத்த பிறகும் அண்ணன். தொழில் பல் வைத்தியம். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடமே பேசிப் பேசி, எதிரே இருப்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கலாம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

சபைக்குப் பின்னாலிருந்த அறையில் சனிக்கிழமை மாலைதோறும் கூட்டம். ஒரு காலத்தில் இடம் போதாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள். இப்போது நாற்காலிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. கதவின் கீல் துருப்பிடித்து, யார் வெளியே போனாலும் அடிபட்ட நாய்போல் முனகும். ஜெபத்தின் நடுவே அது முனகும்போதெல்லாம் அண்ணன் குரலை உயர்த்துவார். வருஷக்கணக்காக அந்தக் குரல் உயர்ந்துகொண்டே வந்திருந்தது.

அன்று வானம் கறுத்துக் கிடந்தது. கூட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண், நனைந்த குடையோடு வந்தாள். கீபோர்டு முன்னால் அண்ணனின் மனைவி.

"அண்ணே, இன்னைக்குப் பாட்டெல்லாம் வேணாம். ஒண்ணு பேசணும்."

"தாராளமா பேசும்மா. உனக்காகத்தானே உக்காந்திருக்கேன்."

"கொஞ்ச நாளா ஜெபம் பண்ணவே முடியல. கண்ணை மூடினா அந்தப் பக்கம் யாருமே இல்ல. போன்ல பேசிட்டே இருப்போம், லைன் எப்பவோ கட்டாயிருக்கும் பாருங்க, அப்படி. இன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லலைன்னா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்னு தோணுது."

"என்னங்க, அவ பேசட்டும்," என்றாள் மனைவி.

"பேசலாம், பேசலாம். முதல்ல ஜெபிச்சுட்டுப் பேசுவோம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

"எல்லாரும்னா நான் ஒருத்திதாண்ணே," என்றாள் அந்தப் பெண். ஆனாலும் மூடினாள்.

அண்ணன் ஆரம்பித்தார். உலகத்து வாலிபர்களுக்காக, செல்போன் கண்ணியில் சிக்கியவர்களுக்காக, தன்னைப்போல் உழைக்க ஆளில்லாத சபைகளுக்காக. மனைவி ஜெபத்துக்குப் பின்னணியாக மெல்ல வாசித்தாள். அவள் மட்டும் கண் மூடக்கூடாது. அண்ணன் விரலை அசைத்தால் இசையை நிறுத்த வேண்டும். அதற்கு முன்னால் கையை எடுத்தால் ஜெபம் தரையிறங்கிவிடும் என்பது அவர் கட்டளை. விரல் அசையவில்லை. விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது. வெளியே இடி புரண்டது. நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது.

கதவு முனகியது. அண்ணனின் குரல் உயர்ந்தது.

ஆமென் என்று அவர் சொன்னபோது பதில் ஆமென் வரவில்லை. காலி நாற்காலியின் கீழே குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது.

"கண்ணை மூடினா எனக்கு ஆண்டவரைத் தவிர ஒண்ணும் தெரியறதில்ல," என்று பெருமூச்சு விட்டார். "எப்பப் போனா? தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேனே. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல."

மனைவி கீபோர்டை உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள்.

"நான் உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன்," என்றாள்.

அந்தப் பெண் எழுந்தபோது அண்ணன் இடது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் மூடிக்கொண்டிருந்தார்.