ஓட்டை வேண்டாம் என்றவன்

கெஞ்சே உள்ளே நுழைந்ததும் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டான். கையில் சக்கரம் கழற்றும் ஸ்பானர். வெயில் உள்ளே புகாதபடி ஜன்னல்களுக்கெல்லாம் மஞ்சள் தாள் ஒட்டிய அந்த பிஷ்கெக் பட்டறையில் சைக்காலும் அவள் தம்பி உலானும் மட்டும்தான் இருந்தார்கள்.

"என் வண்டி மூக்குலேருந்து சீழ் வடியுது, சைக்கால். வெளிய போய்ப் பாக்குறியா?"

சீழ் என்றது பொருத்தமான சொல்தான். அவனுடைய பந்தய வண்டிக்கு அவள் அச்சிட்டுக் கொடுத்த முன்பம்பர், வெயிலில் நின்ற நிலையிலேயே நடுவாக வெடித்து, உள்ளே தங்கியிருந்த காயாத ரெசின் புதுப் பெயின்ட்டின்மேல் வழிந்திருந்தது.

பீரோவைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும் அவளுடைய இயந்திரம். தொட்டி நிறைய ரெசின், வெளிச்சம் பட்டால் இறுகும் பிசின். அதை ஒளி தொட்டுத் தொட்டு, ஏடு ஏடாக இறுக்கி, பம்பராக்கும். எடை குறைய உள்ளே கூடாக விடுவாள். கூட்டில் நிற்கும் மிச்சம் வடிய அடியில் இரண்டு ஓட்டை வேண்டும். கெஞ்சேதான் வேண்டாம் என்றான். பந்தயத் திடலில் எவனாவது குனிந்து பார்த்து "ஓட்டை வண்டி" என்று சொல்லிவிட்டால் போதும், செத்தாலும் அந்தப் பெயர் போகாது. அவள் கேட்காமல் ஓட்டை வைத்துத்தான் அச்சிட்டாள். உலான், பெரிய ஆளிடம் எதற்கு வம்பு என்று, வடிவதற்கு முன்பே பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீதான அண்ணே ஓட்டை வேணாம்னு..." என்று ஆரம்பித்தான் உலான்.

ஸ்பானர் அவன் தோள்பட்டையில் இறங்கியது. காய்ந்த அச்சுத் துண்டை ஒடித்தால் கேட்குமே, அதே சத்தம். அடுத்த அடி வாயில். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்: சைக்காலின் கால்கள் அவளைத் தம்பியிடம் கொண்டுபோகவில்லை. இயந்திரத்தின்முன் போய், இரண்டு கையையும் விரித்து நின்றாள். அது போனால் இருவருக்கும் பிழைப்பே இல்லை.

கெஞ்சே சிரித்தான். "பாத்துக்கடா, உங்கக்கா எதைக் காப்பாத்துறான்னு."

உலான் ஒரு பல்லைத் துப்பினான். "அதுதான சோறு போடுது. நான் தின்னுட்டுல்ல இருக்கேன்."

அந்தக் கிண்டலுக்கு ஒரு உதை விழுந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டவன் எழவில்லை. கெஞ்சே காலை அகட்டி நின்று, விறகு பிளப்பவன்போல ஸ்பானரை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான். குறி உலானின் மண்டை.

சைக்கால் பக்கத்தில் கிடந்த வாளியைத் தொட்டிக்குள் முக்கி எடுத்ததும் வீசியதும் ஒரே மூச்சில். கெஞ்சேயின் முகம், கழுத்து, தூக்கிய கைகள் என்று சாம்பல் நிறத்தில் ரெசின் வழிந்தது. ஸ்பானர் தரையில் விழுந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, சுவரைத் தடவி, எதிலெதிலோ மோதி, கடைசியில் ஷட்டரைப் பிடித்து அப்படியே மேலே தள்ளினான்.

"வெளிய போகாத. வெயில்ல இறுகிடும்" என்று அவளே கத்தினாள்.

அவன் போய்விட்டான். சற்றுநேரத்தில் முற்றத்திலிருந்து ஒரு ஓலம் கேட்டது. இறுகும் ரெசின் கொதிக்கும். தோலோடு சேர்ந்து கொதிக்கும்.

அவள் திரும்பினாள். வீசியதில் பாதி கீழே கிடந்தவன்மேல் விழுந்திருந்தது. உலானின் இமைகள் இரண்டும் சாம்பலாக மினுங்கின.

"அக்கா, கண்ணு எரியுது. திறக்கவா?"

"திறக்காதடா. என் கண்ணுல்ல, திறக்காத."

திறந்த ஷட்டர் வழியாக மாலை வெயில் சாய்ந்து உள்ளே வந்திருந்தது. அவனை இழுத்தாள்; ஒடிந்த தோள் அவனை அலறவைத்தது. ரெசினில் அவள் கால் வழுக்கியது. ஷட்டரை இறக்க ஓடினால் அதுவரை அவன் முகத்துக்கு யார் மறைப்பு? தலைத்துணியை அவிழ்த்து அவன் முகத்தில் போட்டு, அதன்மேல் தானும் கவிழ்ந்து, துணிக்கடியில் விரலை விட்டு, இமைகளைத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்கத் துடைக்க விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது, வழுக்கும்வரை நல்லது.

தரையில் பரவிய ரெசின் வெயில் பட்ட ஓரத்திலிருந்து மினுமினுப்பை இழந்து, கல்லாகிக்கொண்டே அவர்கள் பக்கம் வந்தது.