அரை நூல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சரில் என் எதிரே உட்கார்ந்திருந்த சகாயசெல்வி சொன்னது. மயிலத்தில் ஆரம்பித்தவர் முண்டியம்பாக்கத்தில் முடித்தார். நடுவில் பேரணியில் எதிர் வண்டிக்காகப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். நிறுத்தாமல் போயிருந்தால் பாதிக் கதையோடு இறங்கியிருப்பேன்.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

"2009ஆம் ஆண்டு மே மாதம், கொளுத்தும் வெயிலில் மலர்விழி என்னும்..." அடித்துவிட்டேன். வெயில் இந்தக் கதையில் எந்த வேலையும் செய்யப்போவதில்லை.

"ஊசி என்பது ஒரு..." இதையும் அடித்தேன். ஊசி ஊசிதான்.

மூன்றாவதாக வந்தது இது: சகாயசெல்விக்கு மலர்விழி மேல் சந்தேகம் வந்தது.

2

விழுப்புரத்துக்கு வெளியே ஒரு சட்டைக் கம்பெனி. (பெயரைக் கேட்காதீர்கள், அதை மட்டும் நான் மறைத்துவிட்டேன்.) சகாயசெல்வி அங்கே செக்கர். தைத்து வரும் ஒவ்வொரு காலர் மீதும் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பது அவர் வேலை. காலர் ஓரத்திலிருந்து அரை நூல் தள்ளித் தையல் ஓட வேண்டும்.

[நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல் அதில் பாதி. தைப்பதும் நூல், அளப்பதும் நூல், எழுதுவதும் நூல். இதை வைத்து ஒரு பத்தி ஓட்டலாம். ஓட்டமாட்டேன்.]

எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் நூறு காலரில் ஆறேழு தவறும். முனையில் திரும்பும்போது தையல் உள்ளே ஒதுங்கும், இல்லையென்றால் ஓரத்தைவிட்டு வழுக்கும். கோலியனூரிலிருந்து புதிதாக வந்த மலர்விழியின் காலர்களில் இரண்டு வாரமாக ஒன்றுகூடத் தவறவில்லை. 1993 முதல் இதே வேலையில் இருக்கும் சகாயசெல்வி இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வேறு யாரோ தைத்துக் கொடுக்கிறார்கள் என்றே நினைத்தார்.

சோதிக்க ஒரு வழி செய்தார். மலர்விழி தைத்த நல்ல காலர் ஒன்றில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். தப்பு இருக்கும் இடத்தை அம்பு காட்டும். தைத்தவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தன் தையலா இல்லையா என்பது முகத்தில் தெரிந்துவிடும் என்பது கணக்கு.

மலர்விழி காலரை வாங்கினாள். பார்க்கவில்லை. இடது கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே போனாள். ஸ்டிக்கர் தட்டுப்பட்டதும் நின்றாள். அந்த இடத்தை நகத்தால் இரண்டு முறை நீவினாள். பிறகு நிமிர்ந்து, சகாயசெல்வியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி எதையோ பார்த்துச் சொன்னாள்:

"இதுல தப்பு இல்லக்கா."

சகாயசெல்விக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியவில்லை.

3

(பெயரை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். கண் தெரியாதவளுக்கு மலர்விழி என்று பெயர் வைத்தால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். ஆனால் சகாயசெல்வி அந்தப் பெயரைத்தான் சொன்னார். இருக்கட்டும்.)

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியே அழைத்துக் கேட்டார்.

"எவ்ளோதான் தெரியும் உனக்கு?"

"வலது கண்ணு சுத்தமா இல்லக்கா. எடது கண்ணுல கலரு தெரியும், ஆளு அசையறது தெரியும். கோடு தெரியாது."

"அப்புறம் எப்படித் தச்சிக்கினு இருக்க?"

மலர்விழி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மெஷினின் ஃபுட் ஒன்று இருந்தது, ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்குமே, அது. மெஷினை விட்டு எழும்போதெல்லாம் கழற்றி எடுத்துக்கொள்வாளாம்.

இந்த இடத்தில் எனக்கு ஆறு உவமைகள் வந்தன. ஆறையும் நீக்கிவிட்டேன். இருப்பதை இருப்பதுபோலச் சொல்கிறேன். சாதாரண ஃபுட்டின் இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இருக்கும். இதில் வலது பல் தனி. ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும். காலர் இடது பல்லுக்கு அடியில் போகையில் வலது பல் ஓரத்துக்கு வெளியே இறங்கிச் சுவராக நிற்கும். துணியின் ஓரம் அந்தச் சுவரை உரசிக்கொண்டே போனால் ஊசி அரை நூலுக்கு இப்பாலும் விழாது, அப்பாலும் விழாது.

ஆனால் அதை மாட்டிய எல்லாருக்கும் இப்படி வந்துவிடாது. சுவரை விட்டு விலகினால் தையல் கோணும். அதிகம் நெருக்கினால் துணி சுருளும். எவ்வளவு நெருக்குவது என்பது அந்த இரும்பில் இல்லை; அவள் விரலில் இருந்தது.

"விழுப்புரத்துல மெஷின் சாமான் கடையில வாங்கனேன். இருந்த எல்லாத்தையும் தடவிப் பாத்து எடுத்தேன். கடக்காரரு பேஜாராயிட்டாரு."

சகாயசெல்வி சிரிக்கவில்லை. "நான் மேனேஜர்கிட்ட சொல்லியாவணும் மலரு. ஊசி விரல்ல ஏறினா இன்னா பண்ணுவ?"

"மறைக்க வேணாங்க்கா. அளந்து பாத்துட்டு சொல்லுங்க, அது போதும்."

அன்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

[இங்கே சகாயசெல்வியைக் கொஞ்சம் வீரமானவராக எழுதிப் பார்த்தேன். ரயிலில் அவர் சொன்னதே குறுக்கே வந்தது: "பயந்துக்கினு இருந்தேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க."]

4

அடுத்த வாரம் கம்பெனியில் எல்லாருக்கும் கண் பரிசோதனை வைத்தார்கள். மலர்விழியால் பலகையின் முதல் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. மேனேஜர் கிருஷ்ணசாமி அன்றே அவளை மெஷினிலிருந்து எழுப்பி, பிசிறு வெட்டும் மேஜைக்கு அனுப்பினார். (அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை.)

"ஒரு விரல் போச்சுன்னா அவங்க வீட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றதும்மா?" என்றார்.

அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள், சாதாரண ஃபுட்டோடு. இரண்டு நாள் சகாயசெல்வி அந்தக் காலர்களை அளந்தார். மூன்றாம் நாள் நாற்பது காலர்களை எடுத்துக்கொண்டு கிருஷ்ணசாமியின் அறைக்குப் போனார். இருபது மலர்விழி முன்பு தைத்தவை, இருபது புதியவள் தைத்தவை. கலந்து மேஜையில் வைத்து, ஸ்கேலையும் பக்கத்தில் வைத்தார்.

"கண்ணு தெரிஞ்சவங்க தச்சது எதுன்னு நீங்களே பிரிச்சி வைங்க சார்."

கிருஷ்ணசாமி ஒவ்வொன்றாக அளந்து இரண்டு குவியலாகப் பிரித்தார். நல்ல குவியலில் முப்பத்து நான்கு சேர்ந்தன. சகாயசெல்வி அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பினார். இருபதில் உள்பக்கம் பென்சிலால் 'ம' என்று எழுதியிருந்தது. தள்ளிய ஆறில் ஒன்றிலும் அது இல்லை.

கிருஷ்ணசாமி ஸ்கேலைக் கீழே வைத்தார். "வரச் சொல்லுங்க அந்தப் பொண்ண" என்றார்.

5

மலர்விழி மெஷினில் உட்கார்ந்தாள். இருந்த ஃபுட்டைத் தடவிக் கழற்றினாள், தன்னுடையதைத் திருகினாள், காலரை வைத்தாள். கிருஷ்ணசாமி தையலைப் பார்க்கவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முனை நெருங்கும்போது இடது ஆள்காட்டி நகத்தைக் காலரின் முனையில் வைத்துக்கொண்டாள். நகம் ஃபுட்டில் இடித்ததும் பெடலிலிருந்து கால் விலகியது. சக்கரத்தைக் கையால் சுற்றி இரண்டு தையல். ஊசியைத் துணிக்குள் இறக்கினாள். திருப்பினாள். மறுபடி ஓட்டம்.

"இரும்புல இடிச்சதும் விரலு நின்னுடும் சார்" என்றாள். "கண்ணு தெரிஞ்சவங்கதான் ஊசிகிட்ட விரல கொண்டுபோறாங்க."

கிருஷ்ணசாமி சகாயசெல்வியைப் பார்த்தார். "எழுதிக் குடுங்க செல்விம்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க பொறுப்புன்னு."

தாள் வந்தது. சகாயசெல்வி வாசகத்தை எழுதிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கை நின்றது. பதினாறு வருட வேலை. திண்டிவனத்தில் படித்துக்கொண்டிருக்கும் இரண்டு மகள்கள்.

"பேனாவ எங்கிட்ட குடுங்கக்கா" என்றாள் மலர்விழி. "விரலு என்னுது."

சகாயசெல்வி வாசகத்தில் இருந்த தன் பெயரை அடித்து, அவள் பெயரை எழுதினார். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று மலர்விழி கேட்டாள். சகாயசெல்வி அந்த இடத்துக்குக் கீழே ஸ்கேலை வைத்துப் பிடித்தார். அவள் பேனா முனையை இரும்பில் சாய்த்து, அதை ஒட்டியே ஒவ்வொரு எழுத்தாக மலர்விழி என்று எழுதி முடித்தாள். அச்சடித்ததுபோல நேராக இருந்தது.

6

கிருஷ்ணசாமி அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"அவர் அதை மடித்துப் பையில்..." இல்லை.

"கிழித்துப் போட்டுவிட்டு, போய்த் தைம்மா என்று..." இதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அதனால்தான் எடுத்துவிட்டேன்.

முண்டியம்பாக்கத்தில் சகாயசெல்வி அடுத்த பெட்டியிலிருந்த தங்கையைத் தேடி எழுந்து போனார். அந்தத் தாள் என்ன ஆனது, மலர்விழி மெஷினுக்குத் திரும்பினாளா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காததற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு: எந்தப் பதில் வந்தாலும் நான் அதை மலர்விழிக்குச் சாதகமாக வளைத்துத்தான் எழுதுவேன். என் கை அவள் பக்கம் அப்படிச் சாய்கிறது.

நீங்கள் எழுதுங்கள். சாயாமல் எழுதுங்கள்.