மாலக்கி கடைசி அடி எடுத்து வைத்தார்

என் புருஷன் செத்துவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொன்னது நான்தான். அதற்காக எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. நான் அதைச் சொன்ன நேரத்தில் அவன் பின்வயலில் வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். கெட்ட வார்த்தை சொல்வது சமையலறை வரை கேட்டது.

எல்லாம் போனில் அடிகளை எண்ணும் அந்த நடை ஆப்பால் வந்த வினை. அதன் பெயரைச் சொல்லி அவர்களுக்கு ஓசி விளம்பரம் கொடுக்க நான் தயாராக இல்லை. கில்கோரன் சுகாதார நிலையத்து நர்ஸ் என் புருஷன் மாலக்கியின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, தினமும் நடக்கச் சொன்னாள். விடிந்ததிலிருந்து மாட்டுக்குப் பின்னால் நடப்பவனிடம் போய் நடக்கச் சொன்னால் என்ன செய்வான்? கார் நிறுத்தத்தில் நின்றபடியே ஆப்பை இறக்கிவிட்டான். முதல் மாதம் இலவசம் என்றதாம். அது கேட்ட அனுமதிகளில் ஒன்றையும் படிக்காமல் சரி, சரி என்று அமுக்கியிருக்கிறான். என் மாலக்கி வாழ்க்கையில் யோசித்துச் சரி சொன்னது ஒரே தடவைதான், அதுவும் பாதிரியார் முன்னால், என் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவன் போனில் இருந்த எண்கள் எல்லாம் அந்த ஆப்புக்குள் அவனுடைய 'நடை நண்பர்கள்' ஆகிவிட்டன. மாட்டு டாக்டர், டயர் கடைக்காரர், எங்கள் பங்குத் தந்தை, எல்லோரும். ஃபெஸ்டியும்.

ஃபெஸ்டி எங்களுக்கு எதிர்ச் சரிவில் இருக்கிறவன். பள்ளிக்கூடத்திலிருந்தே மாலக்கியும் அவனும் ஒரே பெஞ்சு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மாவட்டக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு இருவரும் சேர்ந்துதான் காசல்பார் மைதானத்துக்குப் போவார்கள். மாலக்கியின் பிளாஸ்க் வருஷம் முழுக்க ஃபெஸ்டி வீட்டு அலமாரியில் இருக்கும். ஆட்டத்தன்று காலை மாலக்கி அங்கே போய், தார் மாதிரி ஒரு டீ போட்டு அதில் ஊற்றுவான். பிறகு ஒரே காரில் போய், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நடுவரை ஒரே குரலில் திட்டிவிட்டு வருவார்கள். இந்த வருஷம் எங்கள் ஊர் அணியே இறுதிக்கு வந்துவிட்டது. எங்கள் ஆயுளில் இதற்கு முன் நடக்காத விஷயம்.

இந்த நேரம் பார்த்து ஃபெஸ்டிக்கு இடுப்பு எலும்பு மாற்றி, கால்வே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். படுத்திருந்தவனுக்குப் போனில் ஒரு செய்தி வந்தது. "மாலக்கி இன்று உங்களை முந்திவிட்டார்! நீங்கள் இன்னும் சோபாவிலா?"

முதல் நாள் சிரித்திருக்கிறான். அது தினமும் வந்தது. அவன் குளியலறையில் வழுக்கி விழுந்து, மகளைக் கூப்பிட்டு எழுந்த அன்று வந்த செய்தி இது. "மாலக்கி உங்களுக்காகப் பரிதாபப்படுகிறார்! எழுந்திருங்கள்!"

மறுநாள் காலை எங்கள் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே பிளாஸ்க். மகளிடம் கொடுத்து மாட்டச் சொல்லியிருக்கிறான். ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் வாயால் சண்டை போட மாட்டார்கள். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டால் முடிந்தது. எங்கள் மாமனாரும் அவர் தம்பியும் ஒரு ஏணியைத் திருப்பிக் கொடுத்ததோடு பேச்சை நிறுத்தியவர்கள், கல்லறையில்கூட ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறார்கள்.

"பையை உள்ள எடுத்துட்டு வா. மழை வருது" என்றேன்.

"அவன்தானே மாட்டினான், அவனே வந்து எடுக்கட்டும்."

"போய் சொல்லேன்யா. நான் எழுதல, அந்த எழவெடுத்த ஆப்பு எழுதுச்சுன்னு சொன்னா முடிஞ்சுது."

"சொல்லிட்டு அவன் வாசலைத் தாண்டறதுக்குள்ள அது இன்னொண்ணை அனுப்பும். முதல்ல அதை நிறுத்தணும், டிம்ப்னா. நிறுத்திட்டுத்தான் அவன் மூஞ்சில முழிக்க முடியும்."

அது நியாயம்தான். இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

நிறுத்துவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தோம். மாலக்கி 'விலகு' என்ற பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கினான். ஒரு நாய்க்குட்டி கண்ணீர் விட்டது. மறுபடி அமுக்கினான். "உங்கள் நண்பர்களிடம் கேட்கிறோம்!" என்றது. என்ன கேட்டது என்று அப்போது தெரியவில்லை. பூசையில் தெரிந்தது. பங்குத் தந்தை பிரசங்கத்தின் நடுவே, மனம் தளர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிட நினைக்கும் ஒரு சகோதரருக்காக ஜெபிப்போம் என்று மாலக்கியையே பார்த்தார். "மாலக்கி கைவிடப் பார்க்கிறார்! தைரியம் சொல்லுங்கள்!" என்று அவருக்கும் போயிருக்கிறது. டயர் கடைக்காரர் வாசலில் வந்து இவன் தோளைத் தட்டி, மனசு விட்டுப் பேச ஆள் வேண்டுமானால் தான் இருப்பதாகச் சொன்னார்.

அடுத்து அரட்டைப் பெட்டி. அதில் ஒரு பெண் பெயர் வைத்த யந்திரம். இவன் மாட்டுச் சாணத் தொட்டி ஓரமாக நின்று, "எனக்கு இது வேண்டாம்" என்று தட்டுகிறான். "அருமை! எந்தத் திட்டத்துக்கு உயர்த்தலாம்?" என்கிறது அது. ஆத்திரத்தில் கை ஆட, போன் தொட்டிக்குள் போய்விட்டது. வீட்டுக்குள் வந்தவன் முகத்தில் நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

"ஒழிஞ்சுது சனியன்" என்றான்.

ஒழியவில்லை. "மாலக்கி இன்று நடக்கவில்லை. ஆனாலும் உங்களைவிட முன்னால்தான்!" என்று ஃபெஸ்டிக்குப் போனதாக அவன் மகள் கடையில் என்னிடம் சொன்னாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் போனிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டோம். ஒரு கேக் வேகும் நேரம் பாட்டுக் கேட்டோம். கடைசியில் ஒரு பையன் வந்தான். குரலில் தேன்.

"உங்க வருத்தம் எனக்கு நல்லாவே புரியுது சார். விலகறதுக்கு ஒரு எண் அனுப்பறேன். நீங்க சேர்ந்த அதே போன்ல, ஆப்புக்குள்ள வரும். அதைச் சொன்னாப் போதும்."

"அந்தப் போன் சாணித் தொட்டியில கிடக்குப்பா."

"சரி சார். எப்ப வெளிய வரும்?"

"வசந்த காலத்துல, சாணியை எடுத்து வயலுக்கு அடிக்கும்போது."

"அப்ப அதுவரைக்கும் காத்திருக்கறோம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

மாலக்கி போனை என்னிடம் கொடுத்தான். ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தான். மழைத் தண்ணீர் நிறைந்து பை தொங்கிப் போயிருந்தது.

"நான் இந்தத் தடவை போகல. தனியா என்னத்தைப் போறது" என்றான். எங்கள் ஊர் இறுதி ஆட்டத்துக்குப் போகாத மாலக்கி! அந்தக் கணத்தில்தான் விஷயத்தை என் கையில் எடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் வயலுக்குப் போனதும் டேப்லெட்டில் அந்த ஆப்பின் தளத்தைத் திறந்தேன். 'ஏன் விலகுகிறீர்கள்?' என்று காரணங்கள். நேரமில்லை என்றேன், குறுநடைத் திட்டம் ஒன்றை நீட்டியது. காலில் அடி என்றேன், உட்கார்ந்தபடி கை வீசும் பயிற்சியை நீட்டியது. வெளிநாடு போகிறார் என்றேன், அங்கும் நாங்கள் இருக்கிறோம் என்றது. எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு எழுத்தில் ஒன்று இருந்தது. 'கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டார்.'

சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினேன். நாய்க்குட்டி வரவில்லை. "உங்கள் வேண்டுகோள் பதிவானது" என்று மரியாதையாக வந்தது. என் எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். மனிதன் செத்தால்தான் இவர்களுக்கு மரியாதை வருகிறது என்று நினைத்துக்கொண்டு, வெற்றியோடு துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனேன்.

திரும்பி வந்தால் சமையலறையில் பக்கத்து வீட்டு அட்ராக்டா. மேசையில் ஒரு தட்டு நிறைய ஹாம் சான்ட்விச். அவள் நாற்காலி மேல் ஏறி, சாவு வீட்டு வழக்கப்படி எங்கள் சுவர்க் கடிகாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தாள். ஜன்னலை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தாள், ஆன்மா போவதற்கு.

"யாருடி செத்தது?" என்றேன்.

அவள் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ பாவம், அதிர்ச்சியில பேசறா. நீ உட்காருடி, கெட்டிலை நான் பார்த்துக்கறேன்."

எங்கள் ஊரில் சாவு என்று காதில் விழுந்தால் முதலில் போவார்கள், பிறகுதான் விசாரிப்பார்கள். விசாரித்துவிட்டுப் போனால் தாமதமாகிவிடும், தாமதமாக வந்தவர் என்ற பேர் தலைமுறைக்கும் நிற்கும். நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் ஆப்பிள் கேக்கோடு டயர் கடைக்காரர், விஸ்கியோடு மாட்டு டாக்டர், சாகிறவர்களுக்குப் பூசும் தைலப் பெட்டியோடு பங்குத் தந்தை என்று வீடு நிறைந்துவிட்டது. ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, "உன் துக்கத்துல பங்கெடுத்துக்கறேன்" என்றார்கள்.

பின்கதவு திறந்தது. கையில் குறடோடு மாலக்கி.

"யார் செத்தது?"

"நீதான்" என்றாள் அட்ராக்டா. சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். "டீ போட்டாச்சு, வீணாக்கக் கூடாது" என்றார் பங்குத் தந்தை. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கோப்பைகள் ஆடின. மாலக்கி தன் துக்க வீட்டுச் சான்ட்விச்சில் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அப்போது வாசலில் டக், டக் என்று சத்தம்.

ஃபெஸ்டி. கறுப்புக் கோட்டு, கோணலாக டை, இரண்டு பக்கமும் ஊன்றுகோல், முழங்கால் வரை சேறு. இன்னும் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்காகக் காத்திருக்காமல் சதுப்புப் பாதையில் நடந்தே வந்திருக்கிறான். நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தான்.

"உன் துக்கத்துல..." என்று ஆரம்பித்தவன், என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டான்.

"வா ஃபெஸ்டி" என்றான் மாலக்கி, வாயில் ஹாமோடு.

"நீ செத்துட்டே."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

ஃபெஸ்டி கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தான். எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தான். "உங்கள் நண்பர் மாலக்கி தன் கடைசி அடியை எடுத்து வைத்துவிட்டார். இப்போது நீங்கள்தான் முன்னிலையில். வாழ்த்துகள்!" போனை மேசையில் எறிந்தான். "வாழ்த்துகளாம்டா! எவனுக்குடா வேணும் முன்னிலை? அந்தச் சதுப்பு முழுக்க அழுதுகிட்டே வந்தேன்டா, நாயே!"

"அதை நான் எழுதலடா. இதுவரைக்கும் வந்ததுல ஒண்ணைக்கூட நான் எழுதல."

ஃபெஸ்டி போனைப் பார்த்தான். மாலக்கியைப் பார்த்தான். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அது இப்பத்தான் புரியுது. செத்தவன் எப்படி எழுதுவான்?"

அதே சமயம் என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். தேன் தடவிய வேறொரு குரல், இந்தத் தடவை பெண்.

"மறைந்த மாலக்கி அவர்களோட கணக்கு விஷயமா பேசறேன் மேடம். மூடறதுக்கு ஒரே ஒரு உறுதிப்படுத்தல்தான் பாக்கி. அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேச முடியுமா?"

"யார்கிட்ட?"

"கணக்கு வச்சிருக்கறவர்கிட்ட, மேடம். இல்லேன்னா குடும்பத்துக்கு வெளிய, அவரை நல்லா தெரிஞ்ச ஒருத்தர் சொல்லணும். இல்லேன்னா கணக்கு மறுபடி ஓட ஆரம்பிச்சுடும்."

பொத்தானை அமுக்குவது வேறு. பங்குத் தந்தை பக்கத்தில் நிற்க, வாய் திறந்து பொய் சொல்வது வேறு. போனைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தேன். மற்றவர்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஃபெஸ்டி கையை நீட்டினான். போனைக் கொடுத்தேன். பங்குத் தந்தை ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மாடுகளை எண்ணத் தொடங்கினார்.

"செத்துட்டான்மா. என் எதிர்லதான் இருக்கான், நல்லாத் தெரியுது."

"உங்க இழப்புக்கு வருந்தறோம் சார். அவருக்கு நீங்க என்ன வேணும்?"

கடிகாரம்கூட ஓடாத அந்தச் சமையலறையில் மாலக்கி மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"சிநேகிதன்" என்றான் ஃபெஸ்டி.

"நெருங்கின சிநேகிதரா சார்?"

"அவன் போடற டீயை ஆயுசு பூரா குடிச்சிருக்கேன்மா. இதுக்கு மேல என்ன நெருக்கம் வேணும்?"

"நன்றி சார். கணக்கு மூடியாச்சு. அவரோட சந்தாவை உங்க பேருக்கு மாத்தித் தரட்டுமா? முதல் மாதம் இலவ..."

எங்கள் ஊரில் பத்துத் தடவை 'பை-பை' என்று விடை சொல்லாமல் யாரும் போனை வைப்பதில்லை. ஃபெஸ்டி ஒன்றுகூடச் சொல்லாமல் வைத்தான்.

சாயங்காலம் மாலக்கி அவனைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். கேட்டருகே காரை நிறுத்தச் சொல்லி, ஃபெஸ்டி கண்ணாடியை இறக்கினான். கையை நீட்டிப் பையை எடுத்து, மழைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வா. பூஞ்சை பிடிச்சிருக்கும், நல்லா கழுவிட்டு டீ போடு. செத்தவனாச்சேன்னு லேட்டா வந்தா சும்மா விடமாட்டேன்."