பாடியிலிருந்து ஒரு நேயர்

மதிய நேரத்துப் பாட்டு நிகழ்ச்சியில் பெனிஷா நேயர்களை அதிகம் பேச விடுவதில்லை. பேர், ஊர், யாருக்காக என்ன பாட்டு, அவ்வளவுதான். அன்று வந்த அழைப்பில் "அலோ" என்ற ஒரு சொல்லிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் வழக்கம்போலக் கேட்டாள்.

"வணக்கம் சார். உங்க பேரு?"

"ஜேசுராஜ். பாடிலேர்ந்து பேசறேன் மேடம்."

அவளுடைய அப்பா. நான்கு வருடங்களாக அவளிடம் பேசாதவர். மதுரைப் பக்கத்து விக்ரமை அவள் மாதா கோயிலில் பாதிரியாரின் மந்திரிப்பு இல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளோடு பேச்சு நின்றுபோயிருந்தது. அவர் வெளியே போகும் நேரம் பார்த்து அம்மா ஆரோக்கியம்மாள் மட்டும் எப்போதாவது போன் செய்வாள்.

"சொல்லுங்க சார். யாருக்குப் பாட்டு?"

"சம்சாரத்துக்கு. கண்ணுல ஆபரேசன் பண்ணிகீது. டிவி பாக்கக் கூடாதுன்ட்டாங்க. நாள் பூரா ரேடியோதான் கேட்டுகினு கீறா. பழைய பாட்டா எதுனா போடுங்க."

ஆபரேஷன் விஷயத்தை அம்மா சொல்லவே இல்லை. வானொலியில் மௌனம் பெரிய குற்றம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ஆச்சு. நீங்க மேடம்?"

"இன்னும் இல்ல."

"மணி ரெண்டு ஆவுது. சாப்டுட்டு வந்து பேசினா ஆவாதா?" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். பெனிஷா பாட்டைப் போட்டாள். பாட்டு முடியும்வரை ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டபோது மறைக்கத் தோன்றவில்லை.

அந்த உரையாடலை நிலையத்தில் யாரோ வெட்டியெடுத்து, 'தந்தையும் மகளும்' என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் அது போன் போனாகச் சுற்றியது. நிறுவனத்துக்கு இந்த எஃப்.எம். தவிர, சந்தா கட்டிப் பார்க்கும் சில டிவி சேனல்களும் இருந்தன. அவற்றைப் பார்ப்பவர்கள் மாதாமாதம் குறைந்துகொண்டிருந்தார்கள். நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான கங்காதரன் பெனிஷாவை மண்ணூர்பேட்டை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பிரிஞ்சவங்களைச் சேர்த்து வைக்கிற ஷோ ஒண்ணு ஆரம்பிக்கறோம். முதல் எபிசோட் நீங்களும் அப்பாவும்."

"வேணாம் சார்."

"நல்ல விஷயம்தானேம்மா?"

"நல்ல விஷயம்தான். டிவில வேணாம்."

கங்காதரன் விட்டுவிடவில்லை. இரண்டு முறை பாடிக்குப் போய் ஜேசுராஜைப் பார்த்தார். இரண்டாம் முறை ஜேசுராஜ் ஒத்துக்கொண்டார். அதைக் கேட்டதும் பெனிஷாவால் நம்ப முடியவில்லை. தொழிற்சாலையில் பிட்டராக இருந்த காலத்தில், சங்கத்து போட்டோவுக்குக்கூடப் பின்வரிசையில் போய் நிற்கிற மனிதர் அவர்.

"அப்பாவே வர்றாரு. நீங்க வரலைன்னா நல்லா இருக்காது," என்றார் கங்காதரன். வருகிறேன் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.

படப்பிடிப்பு நாளன்று காலை, திருமுல்லைவாயில் பிளாட்டிலிருந்து அவள் கிளம்பும்போது விக்ரம் கேட்டான்: "நானும் வரட்டுமா?"

"இன்னைக்கு வேணாம்."

பஸ்ஸில் ஏறும்வரை ஸ்டூடியோவுக்குப் போவதாகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை. பாடி மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து, அப்பா வீட்டுத் தெருவுக்குள் நடந்தாள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. ஆரோக்கியம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அம்மா."

ஆரோக்கியம்மாள் ரேடியோ பக்கம் திரும்பினாள். "இன்னாடி இது, பாட்டு ஓடும்போதே பேசறே?"

"இங்க கீறேம்மா. வாசல்ல."

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. கண்ணில் தண்ணீர் வரக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

"உங்கப்பா அங்க உன்னைப் பாக்கப் போயிட்டாரே."

"தெரியும்."

மீன் குழம்பு இருந்தது. பெனிஷா தட்டைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தபோது கங்காதரன் கூப்பிட்டார்.

"எங்கம்மா இருக்கீங்க? அப்பா இங்க ரெடியா உக்காந்திருக்கார்!"

"பாடியில இருக்கேன் சார். எங்க வீட்ல. அவரை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

கங்காதரன் என்னவோ கத்தினார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜேசுராஜ் கம்பெனிக் காரில் வரவில்லை, ஷேர் ஆட்டோவில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முகம் முழுக்க மேக்கப் பவுடர். சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். ஆரோக்கியம்மாள்தான் முதலில் பேசினாள்.

"இன்னாய்யா மூஞ்சி இது, சுண்ணாம்பு அடிச்ச செவுரு கணக்கா?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளால் நிறுத்த முடியவில்லை.

"நீ வருவேன்னு சொன்னாங்க," என்றார் ஜேசுராஜ் பெனிஷாவிடம். "அதான் போனேன். எதிர்ல ஒரு காலி நாற்காலி. நீ வர்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி அழுது காட்டுங்கன்னானுங்க."

"அழுதீங்களா?"

"நான் இன்னாத்துக்கு அழணும்?"

கன்னத்துப் பவுடரில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. வெயிலில் வந்த வியர்வையாகவும் இருக்கலாம். அவர் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தனக்கும் சோறு போடச் சொன்னார்.

அந்த நிகழ்ச்சி வேறொரு குடும்பத்தை வைத்துத் தொடங்கியது. பெனிஷாவை மதிய நேரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சந்தா முடியப்போகிறது, உடனே புதுப்பியுங்கள் என்று டிவியில் வரும் அறிவிப்புகளைப் பேசும் வேலை கொடுத்தார்கள். அவள் மறுப்புச் சொல்லவில்லை. அங்கே பதில் பேசும் நேயர்கள் யாரும் இல்லை என்பதுதான் கொஞ்ச நாள் பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடிக்குப் போய்வந்தாள். கிறிஸ்துமஸ் அன்று விக்ரமும் வந்தான். பைக்கைத் தெருவோரம் நிறுத்திவிட்டுத் தயங்கி நின்றவனை ஜேசுராஜ் உள்ளேயிருந்தபடியே பார்த்தார். பிறகு எழுந்து வந்து கேட்டைத் திறந்தார்.

"வண்டிய உள்ள உடுங்க. லாரி வர்ற ரோடு."