அப்பவே சொன்னவர்

திருவொற்றியூரில் தாமோதரனைத் தெரியாதவர்கள் குறைவு. துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டுகிறவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குகிற அந்த எந்திரத்தோடு பதினாறு வருடப் பழக்கம். குடி கிடையாது, சண்டை கிடையாது. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தல் கயிறு கட்டுவார். ஆனால் எது நடந்தாலும், அது நடந்த மறு நிமிடம், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார்.

பக்கத்துத் தெரு ஸ்டானிஸ்லாஸின் ஆடு செத்துப்போனது. "அப்பவே சொன்னேன், அது கண்ணே சரியில்லன்னு." தேர்தல் முடிவு வந்த காலையில் டீக்கடையில் நின்றுகொண்டு, "நான் ஆறு மாசமா இத்தத்தானே சொல்லிக்கினு கீறேன்" என்றார். மழையில் அவர் வீட்டுக் கூரையே ஒழுகியபோதும் தலையில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அதையே சொன்னார். கூரையை வேய்ந்ததும் அவர்தான்.

அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் நினைத்ததில்லை. பொய் சொல்கிறவன் முகத்தில் ஒரு கள்ளம் தெரியும். தாமோதரன் முகத்தில் அது இருக்காது. சொன்னதாக அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இருந்தது. எங்கே நின்று சொன்னார், அப்போது வெயிலா மழையா என்பதுவரை சொல்வார். அவர் மனைவி பவுனம்மாள் முதல் பத்து வருடம் மறுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பவுனம்மாளின் தம்பி எத்திராஜ் எண்ணூர்க் குப்பத்தில் இருந்தான். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவன், சில மாதம் நாகப்பட்டினம் போய் அங்கே மோட்டார் போட்டுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பினான். வந்ததும் தானே ஒரு போட்டு வாங்கினான். பழைய போட்டு, பழைய டீசல் இஞ்சின். அந்தக் குப்பத்துக்கு அதுதான் முதல் மோட்டார். முகத்துவாரத்தைத் தாண்டி அது கடலுக்குள் படபடவென்று போகும்போது குழந்தைகள் கரையோடு சேர்ந்து ஓடும்.

அறுபத்தெட்டாம் வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை விடியலில் இரண்டு ஆட்களோடு போன எத்திராஜ் அன்று திரும்பவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. கட்டுமரங்கள் நாலா பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தன. செய்தி கேட்ட நிமிடம் தாமோதரன் வேலையைப் போட்டுவிட்டுப் பவுனம்மாளோடு எண்ணூருக்கு வந்தார். இரவும் பகலும் மணலிலேயே உட்கார்ந்திருந்தார். சோறு இறங்கவில்லை. எத்திராஜின் மனைவி பச்சையம்மா அழும்போதெல்லாம், "வந்துடுவான்மா, அவனுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பித் தானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிட்டிருக்கிறது. கைப்பிடியை எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை. தெற்கிலிருந்து வந்த நீரோட்டம் போட்டை வடக்கே இழுத்துப்போய்ப் பழவேற்காட்டுப் பக்கம் விட்டது. அங்கே மணல்திட்டில் மோதிப் பலகை பிளந்தது. பழவேற்காட்டுக்காரர்கள் பார்த்து இவர்களைக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

எத்திராஜின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. தாமோதரன் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். தன் கையாலேயே சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவன் பாதி குடிப்பதற்குள் அவர் வாயிலிருந்து வந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே மச்சான், இந்த இஞ்சின் போட்டு வோணாம்னு!"

எத்திராஜ் சொம்பைக் கீழே வைத்தான். வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

அவன் ஏன் முகம் கொடுக்கவில்லை என்று தாமோதரனுக்குப் புரியவில்லை. களைப்பு என்று நினைத்தார். மறுநாள் துறைமுகத்தில் எல்லோருக்கும் கதை சொன்னார். முதல் தடவை சொன்னபோது "வேண்டாம் என்றேன்" என்றிருந்தது, சாயங்காலத்துக்குள் "கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்" என்று ஆகிவிட்டது. அப்படிச் சொல்லச் சொல்ல எத்திராஜின் கை தன் கைக்குள் இருந்த சூடுகூட அவருக்கு ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழச் சீப்போடும் பவுனம்மாளோடும் எண்ணூருக்குப் போனார். பக்கத்து வீட்டுக் கோதண்டமும் வந்து உட்கார்ந்திருந்தான். எத்திராஜ் "வா மாமா" என்றுகூடச் சொல்லவில்லை. பழச்சீப்பை வைத்த கையோடு தாமோதரன் மறுபடி ஆரம்பித்தார். "பெரியவங்க பேச்சைக் கேட்டிருந்தா இந்த பேஜாரு வந்திருக்குமா?"

பச்சையம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, நீ மனசறிஞ்சுதான் பேசறியா? நாகப்பட்டினத்துல கீறப்ப நீதானே அவருக்கு லெட்டர் போட்ட?"

"போட்டேன்தான். யாரு இல்லன்னா? வோணாம்னு எழுதித்தானே போட்டேன்!"

"யோவ்," என்றாள் பவுனம்மாள். "வாங்கு வாங்குன்னு நீ குதிச்சதை நான் கண்ணால பாத்தேன்யா. நான்தான் வோணாம் வோணாம்னு அடிச்சுக்கினேன். யாரு கேட்டாங்க?"

"அந்த லெட்டரு கீதா? எடுத்துகினு வாம்மா. நானே படிச்சுக் காட்றேன்," என்றார் தாமோதரன். தயக்கமே இல்லை. சாட்சியைத் தானே கூப்பிட்டார்.

பச்சையம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நீல நிற இன்லண்ட் லெட்டரை எடுத்து வந்தாள். அந்த இடத்தில் படிக்கத் தெரிந்தவர் தாமோதரன் ஒருவர்தான். எத்திராஜுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். நாகப்பட்டினத்தில் யாரோ படித்துச் சொல்ல ஒரு தடவை கேட்டதுதான்.

தாமோதரன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்புள்ள மைத்துனன் எத்திராஜுக்கு மாமா தாமோதரன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். நிற்க. மோட்டார் போட்டு விஷயமாக நீ கேட்டிருந்தாய்..."

அங்கே நின்றது குரல்.

எழுத்து அவருடையதுதான். 'ட்'டின் புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுகிற அவர் பழக்கம், ஒவ்வொரு வரியிலும் இருந்தது. அடுத்த வரியை அவர் கண் ஒரு தடவை படித்தது. மறுபடி படித்தது. காகிதத்தைத் திருப்பி வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"இன்னாய்யா, படி," என்றாள் பவுனம்மாள்.

நாலு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வாங்க வேண்டாம்' என்று அவர் படித்துவிட்டால் எழுத்தைக் காட்டி அதை மறுக்க அங்கே ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரிந்தது. ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் படித்தார்.

"...யோசிக்கவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. இனி காலம் இஞ்சினுடையது. பதினாறு வருடம் எந்திரத்தோடு பழகினவன் சொல்கிறேன், எந்திரம் ஒருநாளும் ஏமாற்றாது. கட்டுமரத்தை நம்பி எத்தனை நாள் இருப்பாய்?"

கோதண்டம் இருமினான்.

"கேட்டியா?" என்றாள் பவுனம்மாள், வெற்றியோடு. "நான் சொன்னேனா இல்லியா?"

"இன்னும் கீது மே," என்றார் தாமோதரன் மெல்லிய குரலில். "படிக்கட்டா, வோணாவா?"

"படி படி."

"உன் அக்கா பவுனும் இதையே சொல்கிறாள். வாங்கச் சொல்லி தினமும் என்னை நச்சரிக்கிறாள். போட்டு வந்ததும் முதலில் அவளைத்தான் காசிமேடு வரை ஏற்றிப் போக வேண்டுமாம்."

"நானா?" பவுனம்மாள் எழுந்தே விட்டாள். "நான் எப்பய்யா சொன்னேன்? நீயா சேர்த்துப் படிக்கிற! பச்சை, நீ சொல்லு. நான் வோணாம்னுதானே சொன்னேன்?"

பச்சையம்மா தயங்கினாள். "அண்ணி... போட்டு வந்த அன்னிக்கு நீங்கதான் புதுச் சேலை கட்டிகினு வந்து ஆரத்தி எடுத்தீங்க."

பவுனம்மாள் திரும்ப உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எத்திராஜ் சிரித்தான். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. வெடித்த உதடு வலிக்க, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மாமா, அக்கா, ரெண்டு பேரும் வுடுங்க. அந்த லெட்டர் வர்றதுக்கு முந்தின வாரமே நான் போட்டுக்காரனுக்கு வாக்கு குடுத்துட்டேன். நீங்க வோணாம்னு எழுதியிருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன்."

"அப்பறம் ஏன்டா என் மேல கோவம்?" என்றார் தாமோதரன்.

"வாங்குனது தப்போ சரியோ, நாம எல்லாரும் சேந்துதானே சந்தோசமா வாங்குனோம்? சாவு வரைக்கும் போயிட்டு வந்து எறங்கறேன். நீ மட்டும் அந்தாண்ட போய் நின்னுக்கினியே மாமா."

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றினார். மடித்த கடிதத்தைப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து கழிமுகத்துப் பக்கம் நடந்தார். வெட்கம் ஒரு புறம் இருக்கட்டும். அவரைக் கலக்கியது வேறு. கடிதத்தைப் படித்த பிறகும், எத்திராஜிடம் 'வேண்டாம்' என்று சொன்ன காட்சி மனதில் அப்படியே தெளிவாக இருந்தது. கால்வாய்ப் பாலம், உச்சி வெயில், அவன் கை. அதெல்லாம் நடக்கவே இல்லை. அப்படியானால் ஸ்டானிஸ்லாஸின் ஆடு? தேர்தல்? எதை நடந்தது என்று வைத்துக்கொள்வது, எதை விடுவது?

அடுத்த வாரம் போட்டின் பலகையைப் பழவேற்காட்டிலேயே ஒட்டுப்போட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தள்ளுகோல் போட்டுத் தள்ளிக்கொண்டே எண்ணூருக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். குப்பமே கூடியது. மோட்டாரைக் கழற்றிப் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கட்டுமரத்தில் போய் அந்த வருடமே இரண்டு பேர் திரும்பவில்லை. ஆனால் அன்று பேச்சில் வந்தது எத்திராஜின் இஞ்சின் மட்டும்தான்.

எத்திராஜ் தாமோதரனைப் பார்த்தான். "இன்னா மாமா பண்ணட்டும்? வெச்சுக்கட்டா, எடுத்துடட்டா?"

தாமோதரன் போட்டைச் சுற்றி வந்தார். வாய் வரைக்கும் ஏதோ வந்ததை விழுங்கினார்.

"எனக்குத் தெர்லை மச்சான்."

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெசமாத் தெர்லை. ஆனா பிரிச்சுப் பாக்கத் தெரியும். ஒரு ஸ்பேனர் எடுத்துகினு வா."

இரண்டு ஞாயிறு உட்கார்ந்து மாமனும் மச்சானும் இஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். மணலையும் உப்பையும் கழுவினார்கள். டீசல் குழாயை ஊதியபோது வளைவில் காற்று போகவில்லை. தாமோதரன் கம்பியை விட்டு இழுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு துணி நூல், கறுத்து உருண்டு வந்தது. ஆடி பூஜைக்காக டேங்கைத் துடைத்தபோது எப்படியோ உள்ளே போயிருக்கிறது.

"தொடைக்கறப்பவே நெனச்சேன்," என்றான் பக்கத்தில் நின்ற கோதண்டம். "துணி வோணாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

எத்திராஜ் தாமோதரனைப் பார்த்துக் கண்ணடித்தான். தாமோதரன் குனிந்து குழாயை மறுபடி ஒருமுறை ஊதினார்.

ஆவணி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, அதே மூன்று பேரோடு போட்டு மறுபடி கடலுக்குப் போனது. தாமோதரன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். முகத்துவாரத்தைத் தாண்டி அது புள்ளியாகி மறைந்த பிறகு மணலில் உட்கார்ந்தார். நூலை எடுத்தாயிற்று, குழாய் சுத்தம், பலகை கெட்டி. அப்படியும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதம் எழுதிய அன்றும் இப்படித்தான் தெரியாமல் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பவுனம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெற்றிலையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

மூன்று மணிக்குச் சத்தம்தான் முதலில் வந்தது. பவுனம்மாள் எழுந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"எத்தினி தலை தெரியுது?" என்று கேட்டார் தாமோதரன்.

"மூணு."

அவர் வேட்டியை மடித்துக் கட்டவும் மறந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். எத்திராஜ் வீசிய கயிறு அவர் தோளில் வந்து விழுந்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே, மீன் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், இஞ்சின் எப்படி ஓடியது என்று சத்தம் போட்டுக் கேட்டார்.