பிற்பகல் முன்சீப்

என் வீட்டுக்காரர் நாற்பத்தொன்பது வருஷம் முதலாவதாக இருந்தார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டாவதாகிவிட்டார். அதற்கப்புறம் ஐந்து நாள் நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

அவர் பெயர் ஷரஃபுதீன். ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. நான் அஸ்மத்துன்னிசா, அவரிடம் ஓய்வே பெறாத பெண்டாட்டி. அடையாறில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அவர் நீதிமன்ற மேடையை விட்டு இறங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது, வீட்டில் இன்னும் இறங்கவில்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் மற்ற ஆண்கள் மாதிரி அப்போதே சொல்லித் தொலைக்க மாட்டார். தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டு முடித்து, சாயங்காலம் காபி குடிக்கும்போது காரண காரியங்களோடு தீர்ப்புச் சொல்வார். அதற்குள் அந்தக் குழம்பு தீர்ந்தே போயிருக்கும்.

முதலாவது என்றேனே, அது இதுதான். திருவல்லிக்கேணியில் எங்கள் மசூதித் தெருவிலிருந்து போய் முதன்முதலில் முன்சீப் ஆனவர் இவர். முன்சீப் என்பது நீதிபதி உத்தியோகத்தில் அடிப்படி. இவருடைய தகப்பனார் அந்தத் தெரு முனையில் குடை ரிப்பேர் செய்தவர். மழைக்காலத்தில் மட்டும் வீட்டில் கறிச்சோறு. அங்கிருந்து ஒருவர் கறுப்புக் கோட்டு போட்டு, அதுவும் கூண்டுக்கு எதிரே உயர்ந்த நாற்காலியில் உட்காருகிறார் என்றால் சும்மாவா? இன்றைக்கும் கல்யாண வீடுகளில் "முதல் முன்சீப் சாப் வந்துட்டார்" என்று சொல்லித்தான் இவரை உள்ளே அழைத்துப் போவார்கள். இவரும் கூச்சப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்காருவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீல் பேரவையின் செயலாளர் போன் செய்தார். மாநிலத்தின் நீதித்துறையில் சிறுபான்மைச் சமூகத்து முன்னோடிகள் எல்லாரையும் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு மண்டபத்தில் பாராட்டு, திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகும். பட்டியலின் நகலை ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள், நானும் பார்த்தேன். அதில் எல்லாருமே முதலாவது. வடபழனியின் முதல் ஜைன நோட்டரி என்று ஒருவர். அசோக் நகரின் முதல் சீக்கிய வக்கீல் என்று இன்னொருவர், அங்கே அவர் குடும்பத்தைத் தவிர வேறு சீக்கியக் குடும்பம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதாக வந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று நான் கேட்டேன்.

செயலாளர் சொன்ன விஷயம் வேறு. எங்கள் தெருவுக்கே இன்னொரு முதலாவது கிளம்பியிருக்கிறார். முனவ்வர் பாஷா.

முனவ்வர் பாஷா வேறு யாருமில்லை, மசூதித் தெருவில் எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைதான். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பரீட்சை எழுதி, ஒரே உத்தரவில் முன்சீப் ஆனார்கள். 1976 ஜூன் நாலாம் தேதி, ஒரே நாளில், தெற்கே வேறு வேறு ஊரில் பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள். தேர்வுப் பட்டியலில் இவர் பெயர் மேலே இருந்ததால் முதல் முன்சீப் இவர்தான் என்று ஊரே தீர்மானம் செய்துவிட்டது. இவர் மாவட்ட நீதிபதி வரைக்கும் போனார். அவர் முன்சீப்புக்கு அடுத்த படியான சப் ஜட்ஜோடு நின்று, இப்போது தி.நகரில் மகள் ரூஹி வீட்டில் இருக்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் போனில் பேசிக்கொள்வார்கள்.

அந்த ரூஹிதான் அப்பாவுடைய பொறுப்பேற்புச் சான்றை நகல் எடுத்துப் பேரவைக்கு அனுப்பியிருக்கிறாள். சர்க்கார் உத்தியோகத்தில் யார் எங்கே போய்ச் சேர்ந்தாலும் தேதியை மட்டும் போட்டால் போதாது. முற்பகலா பிற்பகலா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முனவ்வர் பாஷாவின் காகிதத்தில் முற்பகல் என்று இருக்கிறது. இவருடைய காகிதத்தையும் அனுப்ப முடியுமா என்று செயலாளர் பணிவாகக் கேட்டார்.

இவர் இரும்புப் பீரோவைத் திறந்து, பழைய கட்டுகளை எல்லாம் கட்டில்மேல் பரப்பி, இரண்டு மணி நேரம் தேடினார். கிடைத்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிற்பகல். அவர் கையெழுத்தேதான்.

அதற்குப் பிறகு மனிதர் இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை ராத்திரி வாயைத் திறந்தார். குற்றவாளி நான்தானாம்! அன்றைக்குக் காலையில் அவர் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டைக்கு நான் கஞ்சி போட நேரமாக்கிவிட்டேனாம், அதனால்தான் கோர்ட்டுக்குப் போகப் பிந்திவிட்டதாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கள் வீட்டில் பேச்சு உருதுவில், சண்டை தமிழில். அன்றைக்கு முழுக்கத் தமிழ்தான். முந்தின நாளே கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அல்லாவின் பெயரைச் சொல்லி என் கையால் கட்டி அனுப்பினேன், பத்து மணிக்கெல்லாம் அந்த ஊர் வாடகை வீட்டு வாசலை விட்டு இறங்கினீர்கள், சத்தியம் செய்யவா என்று கேட்டேன். அப்படியானால் பத்து மணிக்குப் போனவன் மத்தியானம் வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். நல்ல கேள்விதான். இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.

ஞாபகம் இருக்கக்கூடிய ஆள் ஒருவர்தான், பத்ரிநாராயணன். அந்த முதல் கோர்ட்டில் இவருக்கு எழுத்தராக இருந்தவர். இப்போது மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கிளம்பிப் போனோம். என் மேல் விழுந்த பழியைத் துடைக்காமல் விடுவதில்லை என்று நானும் கூடவே போனேன்.

பத்ரிநாராயணனுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. இவரைக் கண்டதும் வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றார். இவர் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார், அதுவும் அவர் வீட்டு நாற்காலியில். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று. ஒரு டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

"நான்தான் சார் பண்ணினேன்" என்றார். "நீங்க பத்தேகாலுக்கே வந்துட்டேள். அன்னிக்கு வெள்ளிக்கிழமை. பத்தரையிலேர்ந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலம், சான்றை எழுதி முடிக்கறதுக்குள்ளயே பத்தரை ஆயிடும். அந்த நேரத்துல உங்களை எப்படிக் கையெழுத்துப் போட விடறது? பதிவேடு வெச்சிருக்கற பீரோ சாவி கருவூலத்துக்குப் போன குமாஸ்தாகிட்ட மாட்டிண்டுடுத்துன்னு ஒரு பொய் சொன்னேன். சாவி என் இடுப்புல இருந்தது."

அவர் சொல்லச் சொல்ல இவருக்கும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மணி வரைக்கும் சாவிக்காகக் காத்திருந்திருக்கிறார். பன்னிரண்டு அடித்ததும் சாவி கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, இரண்டரை மணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுத்தர் ராகு காலம் பார்க்க, நீதிபதி தொழுகை நேரம் பார்க்க, முற்பகல் முழுக்கப் போயே போய்விட்டது.

முஸ்லிம் அதிகாரிக்கு ராகு காலம் ஏது ஐயா என்று நான் கேட்டுவிட்டேன். "அம்மா, ராகு அதெல்லாம் பார்த்தா பிடிக்கறது?" என்றார். இவருக்கு முன்னால் ராகு காலத்தில் பொறுப்பேற்ற ஒரு முன்சீப்புக்கு மஞ்சள் காமாலை, இன்னொருவருக்கு ஒரே மாதத்தில் மாற்றல். சின்ன வயசு, நல்ல மனுஷராகத் தெரிகிறார், இவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் செய்தாராம். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கும் கோபம் போய்விட்டது. பழி என் தலையிலிருந்து இறங்கிவிட்டதே, அதற்கு மேல் என்ன வேண்டும்.

பத்ரிநாராயணன் அதோடு விடவில்லை. மறுநாளே நோட்டரியிடம் போய், இவர் அன்று பத்தேகால் மணிக்கே கோர்ட்டில் ஆஜராகிவிட்டார், தாமதம் முழுவதும் தன்னாலேதான் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டார். அதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. இவர் வாங்கிப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை நன்றாகச் சாப்பிட்டார். கண்டம் தாண்டிவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முனவ்வர் பாஷாவைப் பார்த்ததும் எனக்கே பாவமாக இருந்தது. இளைத்துப் போயிருந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்தச் சான்றை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உம்மே ஹானி பெண்கள் பக்கம் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். கள்ளமில்லாத மனுஷி, வாயில் எதுவும் நிற்காது. மகள் தன்னைக் கேட்காமல் காகிதத்தை அனுப்பிவிட்டாள் என்று அவர் முதலில் கத்தினாராம். அப்புறம் முதலாவது நீங்கள்தான் என்று பேரவையில் சொன்னதிலிருந்து சந்தோஷத்தில் தூக்கமே இல்லையாம்.

பிறகு அவளாகவே அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அன்றைக்கு ரயில் எவ்வளவு லேட்டு தெரியுமா, ஊர் போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலரை, பூட்டப் போன கோர்ட்டைத் திறந்து வைக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. நாலரை மணிக்குப் போனவர் காகிதத்தில் முற்பகல். பத்தேகாலுக்குப் போனவர் காகிதத்தில் பிற்பகல். முதலாவது என் வீட்டுக்காரர்தான், இன்றைக்கும் அவர்தான்! எழுந்து போய்ச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், அதற்குள் செயலாளர் இவரை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

இவர் மைக்கைப் பிடித்தார். கை சட்டைப் பைக்குப் போனது. முதல் வரிசையில் முனவ்வர் பாஷா உறையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். எழுத்தில் ஆதாரம் இருக்கும்போது வாய்ச் சாட்சிக்கு இடமில்லை, அதுதான் சட்டம், என் நண்பர் முனவ்வர் பாஷாவே எங்கள் தெருவின் முதல் முன்சீப், நான் இரண்டாவது, அப்படியே அச்சிடுங்கள் என்றார். பொன்னாடையைத் தானே வாங்கி அவருக்குப் போர்த்தினார். முனவ்வர் பாஷா குழந்தை மாதிரி அழுதார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் கொட்டிவிட்டேன். ரயில், நாலரை மணி, பூட்டப் போன கோர்ட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே "தெரியும்" என்றார். முனவ்வர் பொறுப்பெடுத்த அந்த வாரமே இவருக்குக் கடிதம் எழுதியிருந்தாராம். பிற்பகல் என்று போட்டால் பதவி மூப்பு குறைந்துவிடும் என்று அங்கிருந்த எழுத்தர் வழக்கம்போல முற்பகல் என்று எழுதி நீட்ட, களைப்பில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பயந்து நடுங்கி எழுதிய கடிதம். பத்ரியின் பத்திரம் கையில் இருந்தால் இரண்டு பேரையும் சமமாகப் போடச் சொல்லலாம் என்றுதான் இவர் முதலில் நினைத்திருக்கிறார்.

"அப்புறம் இன்னாத்துக்கு அதைப் பையிலயே வெச்சுக்கினீங்க?" என்றேன்.

"நான் அதை நீட்டினா, நீங்க எத்தனை மணிக்குப் போனீங்கன்னு அவனையும் கேப்பாங்க. அவனுக்குப் பொய் சொல்ல வராது. அப்புறம் புஸ்தகத்துல இன்னா போடுவாங்க? அந்தத் தெருவுலருந்து வந்த முன்சீப் முதல் நாளே கோர்ட்டுப் பதிவேட்டுல பொய் எழுதினான்னு போடுவாங்க. அந்தக் காலத்துல நாங்க எப்படா ஒரு தப்பு பண்ணுவோம்னு எத்தனை பேர் பார்த்துக்கினு இருந்தாங்க, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அந்த ஊரில் இவர் ஒவ்வொரு தீர்ப்பையும் நாலு தரம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். மற்ற முன்சீப்புகள் ஒரு தரம் படிப்பதே அதிகம். சோறு ஆறுகிறது என்று நான் எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். ஆட்டோ கோட்டூர்புரம் பாலத்தில் ஏறியது.

"நீங்க நாலு தரம் படிச்சீங்க. அவரு எத்தனை தரம் படிச்சாரு?" என்று கேட்டேன்.

"அந்தக் கையெழுத்துக்கு அப்புறம் பயத்துல அவன் ஒவ்வொண்ணையும் பத்து தரம் படிப்பான்" என்றார். "வழக்கெல்லாம் தேங்கிப் போச்சு. அதனாலதான் சப் ஜட்ஜோட நிறுத்திட்டாங்க."